தானே நீர் குடிக்கும் தொட்டியில் குட்டி மரம்: வாடாமல், அழுகாமல், கொசு வராமல்

சீனப் புத்தாண்டு நெருங்கினால் சுங்கை பூலோ நாற்றுப் பண்ணைகளிலும் பேரங்காடி வாசல்களிலும் ஒரு குட்டி மரம் வரிசை வரிசையாக நிற்கும். கீழே கிழங்குபோல் பருத்த வேர், மேலே குடைபோல் அடர்ந்த சின்னச் சின்னப் பச்சை இலைகள். விலைச்சீட்டில் ‘ஜின்செங்’ என்று எழுதியிருக்கும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று நம்மவர்களும் வாங்கி வந்து வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். பங்குனி உத்திரம் வருவதற்குள் பாதி இலை தரையில் கிடக்கும்.

தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அடுத்து வாங்குவது தானே நீரூட்டும் தொட்டி. அடியில் தண்ணீர் அறை, மேலே மண். ஒருமுறை நிரப்பினால் இரண்டு வாரம் கவலையில்லை என்று விற்பனையாளர் சொல்வார். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கும், ஒரு மாதம் தமிழ்நாட்டில் கோயில் சுற்றப் போகிறவர்களுக்கும் இது பெரிய வசதிதான். ஆனால் அந்தத் தொட்டி மரத்தை வாட விடாதே தவிர, அழுக விடாது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதோடு, மூடிய அறையில் தேங்கி நிற்கும் தண்ணீர் என்றாலே இந்நாட்டில் டிங்கியையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இது எந்த மரம்?

பெயர் ஜின்செங் என்றாலும் மருந்துக்கு உதவும் ஜின்செங்குக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வேர் பார்க்க அப்படி இருப்பதால் வந்த வியாபாரப் பெயர் அது. தாவரவியலில் இது ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா. மலாய்க்காரர்கள் ஜெஜாவி என்பார்கள். சிங்கப்பூர், மலேசியச் சாலையோரங்களில் விழுது தொங்க நிற்கும் பெரிய மரங்களில் பல இந்த இனம்தான். கடைகளில் கிடைக்கும் இன்னொன்று ஃபைகஸ் பெஞ்சமினா; மலாயில் பெரிங்கின். இந்தோனேசியாவின் தேசியச் சின்னத்தில் ஒற்றுமையின் அடையாளமாக இருக்கும் மரம் அது. மெல்லிய கிளை, நுனி கூரான இலை, கொஞ்சம் இடம் மாற்றினாலே கோபித்துக்கொண்டு இலையைக் கொட்டும் குணம் எல்லாம் பெஞ்சமினாவுக்கு உண்டு. முதன்முதலில் வளர்ப்பவர்கள் மைக்ரோகார்ப்பாவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

ஆல், அரசு, அத்தி எல்லாமே இந்த ஃபைகஸ் குடும்பம்தான். ஆலுக்கு உறவான இற்றி மரத்தின் வெள்ளை வேர் பாறையில் இறங்குவதை அருவிக்கு ஒப்பிட்டுக் குறுந்தொகையின் 106ஆம் பாடல் பேசுகிறது. போன்சாய்க் கலைஞர்கள் இன்று ‘பாறைமேல் வேர்’ என்று ஒரு தனிப் பாணியாகவே அதைப் பழக்குகிறார்கள். ஜூரோங் சீனத் தோட்டத்தின் போன்சாய்ப் பகுதிக்குப் போனால் இப்படிப் பழக்கிய மரங்களை நேரில் பார்க்கலாம்.

தோட்டப்புறத்துக்காரர்களுக்கு இந்தக் குடும்பம் இன்னும் நெருக்கம். ஹெவியா பால்மரம் மலாயாவில் பரவுவதற்கு முன் ரப்பருக்காக நட்டுப் பார்க்கப்பட்டது ரம்போங் எனும் ஃபைகஸ் எலாஸ்டிகா. இன்று வீட்டு வாசலில் அகல இலையோடு அலங்காரச் செடியாக நிற்பதும் அதுவே. குட்டி மரத்தின் கிளையை வெட்டினாலும் பால்மரம் சீவியதுபோல் வெள்ளைப் பால் வடியும். பால் வெட்டிப் பழகியவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆனால் ரப்பர் கையுறை போட்டாலே அரிப்பு வருகிறவர்கள் இந்தப் பாலிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பூனை, நாய் கடித்தால் வாயில் எரிச்சல் உண்டாகும். துணியில் பட்டால் கறை போகாது.

ஆலும் அரசும் வீட்டுக்குள் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நிலத்தில் வளரும் மரத்தைப் பொறுத்தவரை அதற்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது: அந்த வேர் சுவரையும் வடிகாலையும் பிளந்துவிடும். பழைய கடைவீடுகளின் மாடிச் சுவரில் பறவை போட்ட விதையிலிருந்து முளைத்து நிற்கும் கன்றுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆண்டுக்கொரு முறையோ இரண்டாண்டுக்கொரு முறையோ வேர் வெட்டப்படும் தொட்டிச் செடியில் அந்த ஆபத்து இல்லை. நம்பிக்கை சார்ந்த முடிவு அவரவர் வீட்டுப் பெரியவர்களுடையது.

விளக்குத் திரியும் தொட்டியும்

தானே நீரூட்டும் தொட்டியில் மந்திரம் ஒன்றும் இல்லை. குத்துவிளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, அடியறையில் இருக்கும் தண்ணீரைத் துணித் திரியோ, அறைக்குள் இறங்கி நிற்கும் மண் கால் ஒன்றோ மேலே இழுக்கிறது. மேல்மண் காயக் காயக் கீழிருந்து நீர் ஏறும். சில தொட்டிகளில் நீர்மட்டம் காட்டும் மிதவை இருக்கும். விலை கூடியதற்கும் குறைந்ததற்கும் பெரும்பாலும் வித்தியாசம் அந்த மிதவையிலும் பிளாஸ்டிக்கின் பளபளப்பிலும்தான்.

சிக்கல் எங்கே வருகிறது? பாத்திரம் துலக்கும் பஞ்சை நன்றாக நனைத்துத் தட்டையாகக் கையில் ஏந்திப் பாருங்கள். சொட்டி முடித்ததும் அதை அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும். பஞ்சு அதேதான், நின்ற உயரம்தான் மாறியது. மண்ணும் இப்படித்தான். எந்த மண்ணாக இருந்தாலும் அதன் அடிப்பகுதியில் வடியாத ஈரப் பட்டை ஒன்று தங்கும். அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது மண் துகளின் அளவு. தொட்டியின் ஆழம் அல்ல. ஆழமான தொட்டியில் அந்த ஈரப் பட்டை அடியில் ஒரு சிறு பகுதி. மூன்று விரல் ஆழமுள்ள போன்சாய்த் தட்டில் அதுவே முக்கால்வாசி. அந்தத் தட்டுக்குக் கீழே ஓயாமல் நீரூட்டும் அறையையும் வைத்தால் வேருக்குக் காற்று எங்கிருந்து கிடைக்கும்? வேரும் மூச்சுவிட வேண்டும். காற்றில்லாத ஈரத்தில் வேர் பழுப்பேறி, கொழகொழத்து, நாற்றமடிக்கும். வேர் அழுகிய மரத்தால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. இலை வாடும். வாடுகிறதே என்று வீட்டுக்காரர் இன்னும் தண்ணீர் ஊற்றுவார். மரம் அதோடு முடிந்தது.

ஆகவே அழகான ஆழமில்லாத தட்டையும் நீரூட்டும் வசதியையும் ஒன்றாக விரும்பினால் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். மண் மட்டும் குறைந்தது 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் நிற்கக்கூடிய தொட்டியாக வாங்குங்கள். தண்ணீர் அறையில் வழிந்தோடும் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத தொட்டியைப் பால்கனியில் வைத்து ஒரு மழை பெய்தால் வேர் முழுவதும் நீருக்குள் நிற்கும்.

கடை மண் வேண்டாம்

போன்சாய் வளர்ப்பவர்கள் ஜப்பானிய அகடாமா, பியூமிஸ் போன்ற பருக்கைகளை மட்டுமே பயன்படுத்துவார்கள். நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ மேலிருந்து ஊற்றுகிறவர்களுக்கு அது சரி. வெறும் பருக்கை நீரைத் திரிபோல் மேலே இழுக்காது. கடையில் பையில் விற்கும் கறுப்பு மண்ணோ மிகையாக இழுக்கும், சில மாதங்களில் இறுகியும் விடும். தேவை இரண்டுக்கும் நடுவிலான கலவை.

மூன்று பங்கு பருக்கை, ஒரு பங்கு தென்னை நார்த்தூள், ஒரு பங்கு கருக்கிய உமி என்ற அளவில் தொடங்கலாம். பருக்கைக்குப் பியூமிஸ் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் உடைத்த செங்கல் போதும். 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் சலித்து, தூளைக் கழுவிக் கொட்டிவிட வேண்டும். நார்த்தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து எடுங்கள். கருக்கிய உமியை நாற்றுப் பண்ணைகளில் ‘செக்காம் பாக்கார்’ என்று கேட்டால் மலிவாகக் கொடுப்பார்கள். சுங்கை பூலோவுக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம். 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் செடி வளர்த்து விற்றதும் அங்குள்ள பண்ணைத் தொழிலின் வரலாற்றில் சேர்ந்ததுதான்.

மாற்றி நடும்போது கடை மண்ணைக் குச்சியால் மெதுவாகக் கிளறி உதிர்த்து, சுருண்டு சுற்றிய மெல்லிய வேர்களை மட்டும் கத்தரிக்கலாம். மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். பருத்த வேர் மண்ணுக்கு மேலேயே தெரியட்டும், அதைப் புதைத்தால் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். திரி பருத்தித் துணியாக இருந்தால் சில மாதங்களில் மக்கிவிடும். தரை துடைக்கும் மோப்பின் செயற்கை இழை ஒன்று போதும். அதை முதலில் நனைத்துவிட்டுத்தான் மண்ணுக்குள் வைக்க வேண்டும். காய்ந்த திரி நீரை இழுக்கத் தொடங்காது.

கடைத் தொட்டிக்குக் காசு கொடுக்க விருப்பமில்லாதவர்கள் பழைய ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் துளையிட்டு, மேலே அடித்துளை உள்ள சாதாரணச் சாடியை வைத்து, துளை வழியாகத் திரியைத் தொங்கவிட்டாலும் அதே வேலை நடக்கும். டப்பாவின் மேல்விளிம்பை ஒட்டிப் பக்கவாட்டில் வழிவுத் துளை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். டப்பா ஒளி புகுவதாக இருந்தால் பாசி பிடிக்கும்; வெளியே கறுப்புத் தாள் சுற்றிவிடலாம்.

முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு அடியறையை மறந்துவிடுங்கள். புதிய வேர் கீழே இறங்கும்வரை மேலிருந்துதான் ஊற்ற வேண்டும். புதிதாக நட்டுவிட்டு அன்றே அறையை நிரப்பிவிட்டு ஊருக்குப் போவது இந்தத் தொட்டிகளில் நடக்கும் மிகப் பரவலான தவறு.

வேர் பிடித்தபின் அறையை நிரப்பலாம். அது தீர்ந்ததும் உடனே மறுபடி நிரப்பக் கூடாது. இரண்டு மூன்று நாள் காலியாக இருக்கட்டும். சாத்தே குச்சி ஒன்றை மண்ணுக்குள் நிரந்தரமாகச் செருகி வைத்துக்கொண்டால் போதும்: உருவிப் பார்க்கும்போது பாதிக்கு மேல் காய்ந்திருந்தால் நிரப்புங்கள், நிறம் கறுத்து ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மிதவையைவிட இந்தக் குச்சி நம்பகமானது. மிதவை அறையில் நீர் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். வேர் நனைந்திருக்கிறதா என்று சொல்லாது.

அறைக்குள் புழு இருக்கிறதா?

பூச்சாடித் தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். தானே நீரூட்டும் தொட்டி உண்மையில் மூடி போட்ட பெரிய பூச்சாடித் தட்டுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நீர் ஊற்றும் வாய், வழிவுத் துளை, மிதவைக் குழாயின் இடுக்கு என ஏடிஸ் கொசு நுழைய மூன்று வழி உண்டு. சிங்கப்பூரில் 20 காசு நாணயம் அளவுத் தண்ணீரே போதும் என்று சொல்லி எச்சரிக்கிறார்கள். இந்தத் தொட்டியில் நிற்பதோ அரை லிட்டரோ அதற்கு மேலோ.

முட்டை கொசுவாகப் பறக்க நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். இரண்டு வாரம் தாங்கும் தண்ணீர் அறை என்று பெருமையாக விற்கப்படுவதன் மறுபக்கம் இது. நாம் ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு தலைமுறை கொசு பறந்து முடிந்திருக்கும். அடுக்குமாடியில் அது நம் வீட்டோடு நிற்காது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், மேல்வீட்டில் நீரிழிவுள்ள பாட்டி இருக்கலாம்.

மலேசியாவில் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்கீழ், கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்ட வீட்டுக்குச் சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிக்கலாம். பல ஆண்டுகளாக 500 ரிங்கிட் வரை அது விதிக்கப்பட்டு வருகிறது. சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீடு வீடாக வந்து பார்க்கிறார்கள். அங்கும் அபராதம் உண்டு. செடிக்குள் இருந்தது தெரியாது என்பது பதிலாகாது.

செய்ய வேண்டியது கடினமில்லை. எல்லாத் துளைகளையும் நைலான் காலுறைத் துண்டால் இறுக்கமாகக் கட்டிவிடுங்கள், தண்ணீர் அதன் வழியே போகும், கொசு போகாது. வீட்டில் இருக்கும் நாட்களில் வாரம் ஒருமுறை அறையில் மிச்சமுள்ள நீரைக் கொட்டுங்கள். மலேசியச் சுகாதார அமைச்சு வாரத்துக்கு 10 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறதே, அந்த 10 நிமிடத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டவைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே மாதத்துக்கொரு முறையாவது அறையின் உட்சுவரைத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே கைவிட முடியாதபடி ஒட்டி மூடிய தொட்டி என்றால் அதை வாங்காமல் இருப்பதே மேல்.

அபேட் மருந்து போடலாமே என்று கேட்பார்கள். அதன் அளவு 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். அரை லிட்டர் அறைக்கு ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு. வீட்டில் அதை யாரும் அளந்து போட முடியாது. குளியலறைத் தொட்டிக்கு அது சரி, இங்கே வலையும் கொட்டிக் கழுவுவதுமே எளிது. மண்ணெண்ணெய், உப்பு போன்ற பழைய வைத்தியங்கள் வேண்டவே வேண்டாம். கொசு சாகலாம், மரமும் சேர்ந்து சாகும்.

வெளிச்சம்தான் சாப்பாடு

வீட்டுக்குள் வைத்த குட்டி மரம் சாவதற்குத் தண்ணீருக்கு அடுத்த காரணம் இருட்டு. நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் வரவேற்பறை மூலை மரத்துக்கு இருட்டறை. சன்னலை ஒட்டி வையுங்கள். நடுப்பகலில் வெள்ளைத் தாளுக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தெளிவாக நிழல் விழுந்தால் போதிய வெளிச்சம். மங்கலான கறை மட்டும் விழுந்தால் அந்த இடம் ஆகாது.

எந்தச் சன்னல்? கிழக்கு என்றால் காலை வெயில், மிக நல்லது. மேற்கு வெயில் கடுமை, மெல்லிய திரை போட்டால் தாங்கும். வடக்கு, தெற்குச் சன்னல்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே, சிங்கப்பூர் 1 பாகை வடக்கே. சூரியன் ஏறத்தாழ மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை நமக்கு வடபுறம் போகும், மற்ற மாதங்களில் தென்புறம். ஆகவே வடக்குச் சன்னலில் ஆறு மாதம் நன்றாக இருந்த மரம் தீபாவளி நேரத்தில் காரணமே இல்லாமல் மெலிவதுபோல் தோன்றும். வெயில் வீட்டின் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். மேற்கு வெயிலைத் தவிர்க்க வடக்கு தெற்காகக் கட்டப்பட்ட வீவக அடுக்குமாடிகளில் இதை அதிகம் காணலாம். சன்னலே வாய்க்காத வீட்டில் சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கை மரத்துக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடலாம். வெளிச்சம் குறைந்தால் மரம் குடிக்கும் நீரும் குறையும். இருட்டில் வைத்த மரத்துக்கு நீரூட்டும் தொட்டி மிக ஆபத்தானது என்பது இதனால்தான்.

குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடம் வேண்டாம். காற்று காய்ந்துவிடும், இலை விளிம்பு கருகும், செஞ்சிலந்தியும் வரும்.

வெளிச்சம் வேண்டும் என்பதற்காகப் பால்கனிக் கைப்பிடிச் சுவர்மேல் தொட்டியை ஏற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 2018 ஜனவரியில் பந்தாய் டாலாம் ஸ்ரீ பந்தாய் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மேலிருந்து விழுந்த நாற்காலி 15 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்ததை நம் சமூகம் மறந்திருக்காது. நீர் நிறைந்த தொட்டி சில கிலோ எடை. சிங்கப்பூரில் பொது நடைவழியில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் பாதையை விட்டே வைக்க வேண்டும்.

இலை கொட்டினால்

புதிய வீட்டுக்கு வந்த முதல் மாதம் கொட்டினால் பெரும்பாலும் இடமாற்றத்தின் அதிர்ச்சிதான். பயந்து இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதும், உரம் போடுவதும் நிலைமையை மோசமாக்கும். நகத்தால் கிளைத் தோலை இலேசாகச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் அப்படியே விட்டால் சில வாரங்களில் துளிர்க்கும். பழுத்து மஞ்சளான இலைகள் தொடர்ந்து விழுவதோடு மண்ணில் புளித்த நாற்றமும் வந்தால் அது வேரழுகல். அன்றே அறையை வடித்து, மரத்தை எடுத்து, கறுத்த வேரை வெட்டி, புதிய கலவையில் சாதாரணச் சாடியில் நட வேண்டும். பச்சை இலை மொறுமொறுப்பாகக் காய்ந்து விழுந்தால் திரி வேலை செய்யவில்லை என்று பொருள்.

இலை இரண்டாக மடிந்து கைப்பைபோல் மூடிக்கொண்டிருந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாக நுண்ணிய இலைப்பேன் நெளியும். ஜெஜாவிக்கு இது வழக்கமான எதிரி. மருந்து மடிப்புக்குள் போகாது என்பதால் அந்த இலைகளைப் பறித்துப் பையில் கட்டி எறிவதே வழி. மாவுப்பூச்சி, செதிள் பூச்சி வந்தால் சோப்பு கரைத்த தண்ணீரோ வேப்பெண்ணெயோ துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

வெட்டு, கம்பி, உரம்

ஒரு கிளையில் ஆறேழு இலை வந்ததும் இரண்டு மூன்று இலை விட்டு வெட்டுவதுதான் குட்டி மரத்தைக் குட்டியாகவே வைத்திருக்கும் இரகசியம். பால் வடிந்தால் ஈரத் தாளால் ஒற்றினால் நின்றுவிடும். வளைக்க அலுமினியக் கம்பி சுற்றலாம். ஆனால் குளிர்நாட்டு நூல்களில் சொல்லும் கால அளவை நம்பாதீர்கள். நம் வெப்பத்தில் கிளை வேகமாகப் பருக்கும், ஒரு மாதத்திலேயே கம்பி தோலுக்குள் பதிந்து தழும்பாகிவிடும்.

உரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நீரூட்டும் தொட்டியில் இது வேறு கணக்கு. சாதாரணத் தொட்டியில் மேலிருந்து ஊற்றும் நீர் மிச்ச உரத்தைக் கழுவிக்கொண்டு கீழே போய்விடும். இங்கே நீர் மேல்நோக்கி மட்டுமே போகிறது. ஆவியாகும் தண்ணீர் தன்னோடு கொண்டு வந்த உப்பை மேல்மண்ணில் விட்டுப் போகிறது. கொஞ்ச நாளில் மண்ணின்மேல் வெள்ளைப் பொருக்கு படியும், இலை நுனி கருகும். மாதம் ஒருமுறை அறையைக் காலி செய்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். அறைக்குள் உரம் கரைக்க வேண்டாம். மண்மேல் போடும் உருண்டை உரமும் மேலிருந்து நீர் ஊற்றாவிட்டால் கரையாது, அப்படியே கிடக்கும். பாதி வலுவில் கரைத்த திரவ உரத்தை அந்த மாதாந்தரக் கழுவலுக்குப் பிறகு மேலிருந்து ஊற்றுவதே சரியான முறை.

ஊருக்குப் போகிறீர்களா?

ஐந்தாறு நாள் பயணத்துக்கு இந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கிளம்பும்முன் நன்றாக ஊற்றிவிட்டு, நேர்வெயிலிலிருந்து சற்றே தள்ளி வைத்தால் மரம் தாங்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் இருக்கும் குடியிருப்பில் இரண்டு வாரத்துக்குக்கூடத் தொட்டி வாங்க வேண்டாம். வாரம் இருமுறை ஒரு குவளை என்று சொன்னால் போதும். நாளும் ஊற்றச் சொல்லாதீர்கள். அன்புமிகுதியால் அவர் மூழ்கடித்துவிடுவார்.

அதற்கு மேல் போகிறவர்கள் ஒரு மாதம் முன்பே ஒத்திகை பார்க்க வேண்டும். அறையை நிரப்பி, நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்து, எத்தனை நாளில் தீர்கிறது என்று எண்ணுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் நாள் கணக்கு உங்கள் சன்னலுக்கும் உங்கள் மரத்துக்கும் பொருந்தாது. பத்து நாளில் தீர்ந்தால், அதன்பின் மண்ணில் மிஞ்சும் ஈரத்தில் இன்னும் மூன்று நான்கு நாள் ஓடும். அதற்கு மேலான பயணம் என்றால் நடுவில் ஒருவர் வந்து நிரப்பியே ஆக வேண்டும். கிளம்பும் வாரத்தில் உரம் போடாதீர்கள், வெட்டாதீர்கள், மண் மாற்றாதீர்கள். அறையைத் தேய்த்துக் கழுவி, புதிய தண்ணீர் நிரப்பி, காலுறை வலை கிழியாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். திருடனுக்குப் பயந்து திரைச்சீலையை முழுதாக மூடிவிட்டுப் போனால் மரம் இருட்டில் ஈரத்தில் நிற்கும், ஒரு கை அகலமாவது திறந்திருக்கட்டும்.

திரும்பி வந்ததும் முதலில் அறையைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புழு நெளிந்தால் அந்த நீரைக் கழிவுநீர்க் குழாயில் கொட்டாமல், வெயில் காயும் சிமெண்டுத் தரையிலோ மண்ணிலோ கொட்டுங்கள். அறையை வெந்நீரில் கழுவிக் காயவிட்டு, மரத்துக்கு மேலிருந்து ஒருமுறை நன்றாக ஊற்றி வடித்துவிட்டு, சாத்தே குச்சி பாதி காயும்வரை கீழறையைக் காலியாகவே வைத்திருங்கள்.